பதில்: 3 வருடம் மீதமிருக்கும் ஒப்பந்தத்தை முறித்தால் என்ன ஆகும்?

நண்பரே, 27 வயது வீரர், வருடத்துக்கு 40 லட்சம் டாலர், இன்னும் 3 வருடம் பாக்கி, போனஸ் இல்லை, அவரை விடுவித்தால் சம்பள உச்சவரம்பில் (ஓர் அணி சம்பளத்துக்குச் செலவிடக்கூடிய மொத்தத் தொகையின் வரம்பு) எதுவும் ஏறாதா என்று கேட்டிருந்தீர்கள். ஏறும். என்ஹெச்எல்லில் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) 'பைஅவுட்', அதாவது ஒரு பகுதிப் பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முறிப்பது என்றால் மீதிச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கொடுக்க வேண்டும் (26 வயதுக்குக் குறைந்தவருக்கு மூன்றில் ஒரு பங்குதான்), அதுவும் மீதி வருடங்களின் இரு மடங்கு காலத்தில். உங்கள் கணக்கில் 80 லட்சத்தை 6 வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்குச் சுமார் 13.3 லட்சம், அது உச்சவரம்புக் கணக்கில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து போனஸாக எழுதப்பட்ட தொகை மட்டும் குறையாது, முழுசாகக் கொடுத்தாக வேண்டும். ஒப்பந்தம் பார்க்கும்போது முதலில் அதைத்தான் பாருங்கள்.

நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி தன் கோல்கீப்பர் ரிக் டிபியெட்ரோவை 2013இல் இப்படித்தான் விடுவித்தார்கள், 2029 வரை வருடத்துக்கு 15 லட்சம் டாலர். அது அப்போது கொடுத்த சிறப்புச் சலுகையில் நடந்ததால் உச்சவரம்பில் ஏறவில்லை, அந்தச் சலுகை இப்போது கிடையாது.

எதுவுமே ஏறாமல் முடிய வேண்டுமென்றால் இரு தரப்பும் சம்மதித்து ரத்து செய்யலாம். ஆனால் வீரர் மீதிப் பணத்தை விட்டுக்கொடுக்க வேண்டும், வேறு நாட்டில் நல்ல வாய்ப்பு கையில் இல்லாமல் 1.2 கோடி டாலரை யார் விடுவார்கள், சொல்லுங்கள்? அதனால் முதலில் டிரேடு, அதாவது அவரை வேறு அணிக்கு மாற்றிக்கொடுப்பதை முயன்று பாருங்கள், சம்பளத்தில் பாதிவரை நீங்களே சுமந்தாலும் 3 வருடத்தில் தீர்ந்துவிடும்.