டவர் நின்ற பிறகும் செய்தி போகுமா?

கேள்வி: மழைக்காலம் வந்தால் எங்கள் எஸ்டேட் லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) கரண்டும் போகும், ரேஞ்சும் போகும். 'மெஷ்' கருவிகள் வாங்கினால் டவரும் சிம்மும் இல்லாமல் இலவசமாகப் பேசிக்கொள்ளலாம் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். நம்பலாமா?
– வாசகர் ஒருவர், மூணாறு

பதில்: 'பேசிக்கொள்ளலாம்' என்பதை 'எழுதிக்கொள்ளலாம்' என்று திருத்திக்கொண்டால் தாராளமாக நம்பலாம்.

பக்கத்து லயத்துக்கு அழைத்தாலும் கைபேசி அழைப்பு டவருக்குப் போய்த்தான் திரும்ப வேண்டும் என்பதால், டவர் நின்றால் ஊரே ஊமையாகிவிடுகிறது. மெஷ் வலையில் அப்படியொரு நடு இடம் கிடையாது. ஒவ்வொரு கருவியும் தனக்கு எட்டிய செய்தியை அடுத்த கருவிக்குக் கைமாற்றிவிடும். 2020 ஆகஸ்ட் 6 இரவு உங்கள் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மண் சரிந்து 70 பேர் மாண்டபோது, மின்சாரமும் தொலைபேசியும் செயலிழந்து கிடந்ததால், செய்தி வெளியே வர மறுநாள் காலை ஆயிற்று. அன்றிரவு ஒரே ஒரு வரி மலை தாண்டியிருந்தாலும் பெரிய காரியம்.

உங்கள் மகன் சொல்வது, 'மெஷ்டாஸ்டிக்' என்ற இலவச மென்பொருளில் இயங்கும் 'லோரா' கருவிகளாக இருக்கலாம். நம் நாட்டில் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையைக் குறிப்பிட்ட திறன் வரம்புக்குள் உரிமமின்றிப் பயன்படுத்தலாம். குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் செல்லும் இந்த அலை, வேகத்தில் மிகவும் மந்தமானது. குரல் அதில் அடங்காது. ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட்தான் இடம். கணினிக் குறியீட்டில் தமிழின் ஒவ்வொரு எழுத்தும், அதோடு சேரும் கொம்பும் புள்ளியும்கூட, தனித்தனியே 3 பைட் பிடிக்கும். 'லயத்துக்குப் பின்னால் மண் சரிகிறது' என்று எழுதினாலே 96 பைட் போய்விடும். ஆனால் ஆபத்துக் காலத்தில் அதற்குமேல் என்ன எழுதப் போகிறோம்?

உண்மையான தடை மலைதான். பாறையைத் துளைத்து அலை போகாது. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குச் செய்தி போக, இரண்டுக்கும் நடுவில் உள்ள மலைமுகட்டில் சூரியத் தகடோடும் பேட்டரியோடும் ஒரு கருவி நின்றாக வேண்டும். இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நாள்கணக்கில் வெயிலே முகம் காட்டாத ஊர் உங்களுடையது. ஆகவே பேட்டரியில் கஞ்சத்தனம் கூடாது. (யானை வழித்தடத்தில் கம்பம் நட வேண்டாம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.) மாதக் கட்டணம் இல்லை என்பது மெய்யே, ஆனால் கருவியின் விலையையும், பழுதானால் மழையில் முகடேறும் ஆளையும் கணக்கில் சேர்க்காமல் இலவசம் என்று சொல்வது சரியாகாது. முதலில் இரண்டே கருவிகள் வாங்கி, ஒன்றை லயத்திலும் மற்றதை முகட்டிலும் வைத்து, நல்ல மழைநாளில் சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: இதே முறையில் இணையமும் இலவசமாகக் கிடைக்குமா?
– வாசகர் ஒருவர், குமுளி

பதில்: கிடைக்காது. வைஃபை கருவிகளால் ஊர் முழுவதையும் இணைத்து, தங்களுக்குள் செய்தியும் பாடமும் கட்டணமின்றிப் பகிர்ந்துகொள்ளலாம். வெளி இணையம் வேண்டுமென்றால் எங்கோ ஓரிடத்தில் ஒருவர் பணம் கட்டித்தான் ஆக வேண்டும். ஸ்பெயினின் கட்டலோனியாவில், நிறுவனங்கள் அகலப்பட்டை இணைப்புத் தராத கிராமங்களில் 2004-இல் தொடங்கிய 'கிஃபி.நெட்' (guifi.net) என்ற மக்கள் வலை இன்று 30,000-க்கும் மேற்பட்ட இணைப்பு முனைகளோடு வளர்ந்து நிற்கிறது. அங்கும் வெளித்தொடர்புக்கான செலவைப் பயன்படுத்துவோர் பங்கிட்டுத்தான் ஏற்கிறார்கள்.