டீச்சரக்கா பதில்கள்: நோட்டு காலியா இருக்குதுங்க!

கேள்வி: பொண்ணு கவர்மென்ட் ஸ்கூல்ல மூணாவது படிக்கறாளுங்க. ஜூன்ல இருந்து இன்னிக்கு ஈர்க்குச்சி வேணும், நாளைக்கு காலி பாட்டில் வேணும்னு தெனம் ஒண்ணு கேக்கறா, நோட்டப் பாத்தா பாதி காலி. பத்தாததுக்கு அவளுக்கு 'அரும்பு' புக்கு குடுத்திருக்காங்க, அது ஒண்ணாவது பிள்ளைங்களுதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சிரிக்கறாங்க. ப்ரைவேட்ல போட்டுரலாமாக்கா?
– பேர் வேண்டாம், பொள்ளாச்சி பாலக்காடு எல்லைப் பக்கம்

பதில்: அவசரப்படாதீங்க அம்மிணி. மொதல்ல அந்த ஈர்க்குச்சிக் கதைய சொல்லிர்றேன். உங்க ஊர்ல தென்னைக்கா பஞ்சம், பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டு கட்டு கட்டுவாங்க. 52ன்னா அஞ்சு கட்டு, ரெண்டு உதிரி. அதுல 27 எடுக்கணும். ரெண்டுல ஏழு போகாதுல்ல, அப்ப பிள்ளை ஒரு நிமிஷம் முழிச்சுட்டு ஒரு கட்டப் பிரிக்கும் பாருங்க, அதான் நாம 'கடன் வாங்கறது'ன்னு மனப்பாடம் பண்ணுன விஷயம். உதிரி 12 ஆச்சு, ஏழு போக அஞ்சு, நாலு கட்டுல ரெண்டு போக ரெண்டு, ஆக 25. கட்டு பிரிக்காத பிள்ளைங்க ஏழுல ரெண்டக் கழிச்சு 35ன்னு முத்து முத்தா எழுதி வெச்சிருக்கும். நான் திருத்துன அழகான நோட்டுல எல்லாம் இந்த 35 இருந்துச்சுங்க, அதனால நோட்டு ரொம்பி இருந்தா எனக்கு சந்தோஷம் வர்றதில்ல.

பாட்டில் எதுக்குன்னா மழைக்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியா ஜூன் ஜூலைல சாரலும் காத்தும் வர்ற ஊரு, மழை அளக்க இதவிட நல்ல பருவம் எது? கழுத்த வெட்டி கவுத்து வெச்சு, பக்கவாட்டுல ஸ்கேல் ஒட்டி, தெனம் காலைல எத்தனன்னு பாத்து கட்டம் போட்ட தாள்ல கலர் அடிப்பாங்க. அளவு, கூட்டல், வரைபடம் எல்லாம் அதுலயே முடிஞ்சிருது. ஆடிக் காத்துல பாட்டில் கவுந்து ஒரு நாள் கட்டம் காலியாவும் இருக்கும், இருந்துட்டுப் போகட்டும்.

இதெல்லாம் மார்க்குல சேருமான்னா, சேரும். 2012ல முப்பருவ முறை வந்தப்பவே வளரறிக்கு (பாடம் நடக்கறப்பவே போடற மார்க்குக்கு) 40, தொகுத்தறிக்கு (பருவக் கடைசிப் பரீட்சைக்கு) 60ன்னு பிரிச்சாச்சு, இந்த மாதிரி செயல்பாடு அந்த 40க்குள்ள வரும். அரும்பு, மொட்டு, மலர்ங்கறது 2022ல வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்துல ஒண்ணாவது, ரெண்டாவது, மூணாவதுக்கான நிலைங்க. கொரோனால ஸ்கூலே போகாம விட்டுப்போனத புடிக்கத்தான் அது வந்துச்சு. மூணாவதுல அரும்புன்னா, ஒண்ணாவது எழுத்துலயும் எண்ணுலயும் எங்கயோ ஓட்டை இருக்குன்னு அர்த்தம், அவமானம் இல்ல. ஆனா பருவம் முடியறப்பவும் அங்கயே நின்னா விடாதீங்க, எந்த இடத்துல தடுக்குதுன்னு டீச்சர்கிட்ட நேர்ல போய் கேளுங்க, அது உங்க உரிமை. ஸ்கூல் மாத்தறதப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். இன்னிக்கு ராத்திரி 52 ஈர்க்குச்சி குடுத்துப் பாருங்க, கட்டப் பிரிக்கறாளான்னு.

கேள்வி: சாயங்காலம் பிள்ளைங்களுக்கு சொல்லித் தர்றேன். பாதிப் பேர் வீட்ல மலையாளம், தமிழ்ல கலந்தடிக்கறாங்க. திருத்தறதா விடறதா?
– ஒரு தன்னார்வலர், மீனாட்சிபுரம் பக்கம்

பதில்: திருத்தறதுக்கு முன்னாடி ஒரு சார்ட் போடுங்க தம்பி, ரெண்டு பத்தி, ஒரே வார்த்தைக்கு தமிழ்ல ஒரு அர்த்தம், மலையாளத்துல ஒரு அர்த்தம்னு. நான் சேந்த புதுசுல ஒரு பையன் "டீச்சர் வெள்ளம் வேணும்"ன்னான், நான் ஆத்துல வெள்ளமான்னு வெளிய ஓடிப்போய்ப் பாத்தேன், அவன் பாவம் குடிக்கத் தண்ணி கேட்டிருக்கான். மறுவாரம் பழம் படத்தக் காட்டுனா மாம்பழத்த தள்ளிட்டு வாழைப்பழத்த மட்டும் எடுக்கறான், அவங்க வீட்ல பழம்னா அதானே. அப்பறம் சார்ட்ட நான் போடல, பிள்ளைங்களே எழுதுனாங்க. 'பட்டி'க்கு நேரா ஒருத்தி ஆடு அடைக்கற எடத்த வரைஞ்சா, இவன் நாயை வரைஞ்சான் (மலையாளத்துல பட்டின்னா நாய்), ரெண்டும் சேத்து ஆட்டுப்பட்டிய நாய் காவல் காக்கற மாதிரி ஒட்டிட்டாங்க.