குழந்தை தலை திரும்பாமல் இருந்தால் கால் சுண்டுவிரல் அக்குபங்சர் புள்ளி உதவுமா?

செய்து பார்க்கலாம். ஆனால் 33 வாரம் வாக்கில், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். என் தங்கையின் முதல் பிரசவத்தில் இதே நிலைமை வந்தது. கூட இருந்து செய்துவிட்டது நான்தான் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்கும் புள்ளியின் பெயர் ஜீயின். சுண்டுவிரல் நகத்தின் வெளிப்பக்க மூலையில், நகத்தை ஒட்டினாற்போல் இருக்கும். சீன மருத்துவத்தில் உடலில் உயிர்ச்சக்தி ஓடுவதாகச் சொல்லும் பாதைக்கு மெரிடியன் என்று பெயர். அதில் சிறுநீர்ப்பை மெரிடியன் கண்ணின் உள்மூலையில் தொடங்கி, தலை, முதுகு, காலின் பின்பக்கம் வழியாக இறங்கி இங்கே வந்து முடிகிறது. அதன் 67ஆவது புள்ளி, கடைசிப் புள்ளி இது. இதையடுத்து உள்ளங்காலில் சிறுநீரக மெரிடியன் தொடங்குகிறது. கருப்பையோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பது அவர்கள் கணக்கு.

குழந்தையைத் திருப்ப இங்கே ஊசி குத்துவது வழக்கமில்லை, சூடுதான் காட்டுவார்கள். கர்ப்பிணிகளுக்கு ஊசி போடக்கூடாது என்று மரபே சொல்லும் புள்ளிகளில் இதுவும் ஒன்று. அதனால் யாராவது ஊசியோடு வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

சூடு காட்ட உதவுவது மாக்ஸா குச்சி. ஆர்டிமீசியா என்ற செடியின் இலையைக் காயவைத்து, பஞ்சு போலாக்கி, சுருட்டு மாதிரி உருட்டியிருப்பார்கள். நாம் பூவோடு சேர்த்துக் கட்டும் மரிக்கொழுந்தும் இந்த இனம்தான். ஆனால் மாக்ஸா புகையில் அந்த மணத்தை எதிர்பார்க்காதீர்கள். கனமான புகை, திரைச்சீலையில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. ஜன்னலைத் திறந்து வைத்துத்தான் செய்தோம். கனலும் நுனியை விரலில் படாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்க வேண்டும். அவ்வப்போது சாம்பலைக் கிண்ணத்தில் தட்டாவிட்டால் காலில் உதிரும். விரலோரம் லேசாகச் சிவந்து வெதுவெதுப்பாக இருந்தால் போதும், சுடுகிறது என்றால் உடனே விலக்கிவிடுங்கள். ஒவ்வொரு காலுக்கும் கால் மணி நேரம் காட்டினோம். அந்த நேரத்தில் குழந்தை நன்றாகப் புரள்வதாகத் தங்கை சொல்வாள்.

அடுத்த ஸ்கேனில் தலை கீழே வந்திருந்தது. ஆனாலும் மாக்ஸாதான் திருப்பியது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சீனாவின் ஜியாங்சி மாகாணத்தில் முதல் கர்ப்பமான 260 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 1998இல் வெளியிட்டார்கள். 33ஆவது வாரத்தில் மாக்ஸா தொடங்கியவர்களில் 100க்கு 75 பேருக்கு 35ஆவது வாரத்துக்குள் தலை திரும்பியிருந்தது. எதுவுமே செய்யாதவர்களிலும் 100க்கு 48 பேருக்குத் தானாகவே திரும்பியிருந்தது! என் தங்கை இதில் எந்தப் பக்கம் என்று யார் சொல்ல முடியும்?

அப்புறம் இத்தாலியில் அதையே செய்து பார்த்தபோது இரு குழுவுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. புகை ஒத்துக்கொள்ளாமல் குமட்டல், தொண்டை எரிச்சல் என்று சிலர் பாதியில் விட்டதில் ஆய்வே முன்கூட்டி நின்றுபோனது. மொத்த ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்த 2023ஆம் ஆண்டு காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளை அலசும் சர்வதேச அமைப்பு) அறிக்கை, வழக்கமான கவனிப்போடு மாக்ஸாவும் சேர்ந்தால் பிரசவத்தின்போது தலை திரும்பாமல் இருப்பது ஓரளவு குறையலாம் என்கிறது. சிசேரியன் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை என்றும் சொல்கிறது. எனக்கு இது நியாயமான முடிவாகவே படுகிறது.

இரட்டைக் குழந்தை, ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பது, முன்பு சிசேரியன் ஆனது, இதில் ஏதாவது இருந்தால் நீங்களாகத் தொடங்கவே வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் புகை ஆகாது. சர்க்கரையால் கால் மரத்துப் போகிறவர்களுக்குச் சூடு உறைக்காமல் தோல் வெந்துவிடும்.

எனக்குப் பயம் ஒன்றில்தான். இதையே நம்பிக்கொண்டு சிலர் செக்கப்பைத் தள்ளிப்போடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 36 வாரத்திலும் குழந்தை திரும்பவில்லை என்றால், வயிற்றின் மேலிருந்து கையால் மெல்லத் திருப்பிவிடும் முறை இருக்கிறது. ஆஸ்பத்திரியில், ஸ்கேன் பார்த்துக்கொண்டே, குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்தபடி செய்வார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலன் கிடைக்கிறது, முதல் பிரசவம் என்றால் கொஞ்சம் குறைவு. எல்லா ஆஸ்பத்திரியிலும் இதைச் செய்வதில்லை. உங்கள் டாக்டர் செய்வாரா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார் என்று இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.