ஒரு டபுள் ட்ரிப்பிளும் ஒரு நீண்ட பாஸும்

அன்புள்ள ஐயா,

2019-ல் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து சாம்பியன் ஆன வர்ஜீனியா பல்கலைக்கழக ஆண்கள் அணியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு உடன்பாடு இல்லை. நான் மினியாப்பலிஸில் வேலை பார்ப்பவன். ஆபர்ன் அணியோடு அவர்கள் ஆடிய செமி ஃபைனலை யு.எஸ். பேங்க் ஸ்டேடியத்தில் நேரிலேயே பார்த்தேன். கடைசி நொடிகளில் வர்ஜீனியாவின் டை ஜெரோம் தட்டிக்கொண்டு வந்த பந்து அவர் காலில் பட்டு விலகியது. இரண்டு கையாலும் பிடித்தார், மறுபடியும் தட்டினார். அப்பட்டமான டபுள் ட்ரிப்பிள்; பிடித்த பந்தை மறுபடியும் தட்டுவது விதிமீறல், பந்து எதிரணிக்குப் போக வேண்டும். நடுவர் விசில் ஊதவில்லை. ஊதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். முந்தைய வருடம் முதல் சுற்றிலேயே அடிவாங்கியவர்கள் உழைப்பால் எழுந்து வந்தார்கள் என்கிறீர்கள். அதிர்ஷ்டத்தைப் போய் உழைப்பு என்று சொல்லலாமா? என் மகனும் பள்ளி அணியில் ஆடுகிறான். அவனிடம் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

ம. செ., மினசோட்டா

அன்புள்ள ம. செ.,

அது டபுள் ட்ரிப்பிள்தான். பத்து முறையாவது போட்டுப் பார்த்திருப்பேன், வேறு மாதிரி சொல்ல வழியே இல்லை. அதே நொடிகளில் ஆபர்ன் வீரர் ஒருவர் ஜெரோமின் பனியனைப் பிடித்து இழுத்ததும் விசில் இல்லாமல்தான் போனது. ஆனால் அதைக் காட்டி இதைச் சரிக்கட்ட எனக்கு மனமில்லை. ஆபர்ன் பையன்கள் பத்துப் புள்ளி பின்தங்கியிருந்து தொடர்ச்சியாக 14 புள்ளி அடித்து முன்னுக்கு வந்தவர்கள். அவர்களுக்கு அன்று நடந்தது அநியாயம். என் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டது தவறு.

அதிர்ஷ்டம் இருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். பர்டூ, ஆபர்ன், டெக்ஸஸ் டெக் என்று கடைசி மூன்று ஆட்டமுமே கை நழுவிப் போக இருந்தவை. ஒரு தோல்வி என்றால் மூட்டை கட்ட வேண்டிய போட்டியில் அதிர்ஷ்டம் இல்லாமல் யாரும் கோப்பை தூக்குவதில்லை.

ஆனால் நான் 'எழுந்து வந்தார்கள்' என்று எழுதியது கோப்பையை மனதில் வைத்து அல்ல. அதைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

2018 மார்ச் 16, சார்லட் நகரம். வர்ஜீனியாதான் அந்த வருடம் போட்டிக்கு வந்த 68 அணிகளிலும் முதலிடம் பெற்ற அணி. அணிகளை நான்கு பிரிவாக்கி, ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை கொடுப்பார்கள்; 16 என்றால் கடைசி. எதிரே யூ.எம்.பி.சி., மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகம், 16-ஆம் தரவரிசை. ஆண்கள் போட்டியில் அதுவரை முதல் தரவரிசை அணிகள் 16-ஆம் தரவரிசை அணிகளோடு 135 முறை மோதி 135 முறையும் ஜெயித்திருந்தன. பாதி ஆட்டத்தில் 21-21. முடிவில் யூ.எம்.பி.சி.க்கு 74-54 வெற்றி. இதில் ஒரு கணக்கைக் கவனியுங்கள். ஒரு முழு ஆட்டத்துக்கே சுமார் 54 புள்ளிதான் விட்டுக்கொடுத்து வந்த அணி அது. அன்று இரண்டாம் பாதியில் மட்டும் 53 விட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. மணிக்கட்டு உடைந்து வர்ஜீனியாவின் டிஆண்ட்ரே ஹண்டர் வெளியே உட்கார்ந்திருந்தார். அதைவிட முக்கியம், கோச் டோனி பென்னட்டின் ஆட்டமுறை. அவர் அப்பா டிக் பென்னட் உருவாக்கிய 'பேக் லைன்' டிஃபென்ஸ் அது. பந்து வைத்திருப்பவரை ஒருவர் நெருக்குவார், மற்ற நால்வரும் கூடையைச் சுற்றிக் கற்பனையாக ஒரு வளைவு போட்டு அதற்குள் ஒடுங்கி நிற்பார்கள். உள்ளே புக முடியாது. ஆனால் தூரத்திலிருந்து எறிபவனுக்கு இடம் கிடைக்கும். யூ.எம்.பி.சி. அந்த இடத்திலிருந்து அடித்துக்கொண்டே இருந்தது. நிதானமாக ஆடிப் பழகிய அணி பின்தங்கிவிட்டால் விரட்டிப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பிறகு நடந்தவை. யாரும் அந்த ராத்திரியை மூடி மறைக்கவில்லை. அடுத்த மாதமே வர்ஜீனியா வீரர் கைல் கை தன்னைப் பிடித்து ஆட்டும் மனப்பதற்றத்தைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். தோற்றபின் குனிந்து நிற்கும் தன் படத்தையே ட்விட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டார். இருபது வயதுப் பையனுக்கு அது சின்ன விஷயமா?

அடுத்த சீசனில் மொத்தம் 38 ஆட்டங்களில் மூன்றில்தான் தோற்றார்கள். இரண்டு தோல்வி டியூக்கிடம், ஒன்று ஃப்ளோரிடா ஸ்டேட்டிடம். இத்தனை ஆட்டத்தையும் அதிர்ஷ்டக் கணக்கில் எழுத முடியாது.

நீங்கள் சொன்ன டபுள் ட்ரிப்பிளுக்குப் பக்கத்தில் பர்டூ ஆட்டத்தின் கடைசி ஆறு நொடியையும் வைத்துப் பாருங்கள். எதிரணியின் கார்சன் எட்வர்ட்ஸ் அன்று 42 புள்ளி அடித்தார். 70-68 என்று பின்தங்கியிருந்தபோது ஜெரோமின் ஃப்ரீ த்ரோ தவறியது. கினியாவிலிருந்து வந்த மமடி டியாகிட்டே எம்பிப் பந்தைப் பின்னால் தட்டிவிட்டார். அது நடுக்கோட்டையும் தாண்டித் தங்கள் பாதிக்கே உருண்டு போனது. ஐந்தடி ஒன்பது அங்குலம் உள்ள, முதலாம் ஆண்டு மாணவர் கிஹெய் கிளார்க் ஓடிப்போய் எடுத்தார். ஜெரோம் கையை ஆட்டிப் பந்தைக் கேட்கிறார். சட்டென்று அவரிடம் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றும். கிளார்க் அவரைத் தாண்டி, கூடைப் பக்கம் தனியாக நின்ற டியாகிட்டேவுக்கு ஒரே நீண்ட பாஸ் போட்டார். வாங்கிய வேகத்தில் எறிந்தார் டியாகிட்டே. பந்து காற்றில் இருக்கும்போதே நேரம் முடிந்தது, விழுந்தது, 70-70. ஓவர்டைமில் 80-75 என்று வர்ஜீனியா ஜெயித்தது. பந்து விழுந்ததில் அதிர்ஷ்டம் உண்டு, சரி. அந்த ஆறு நொடியில் தலைநிமிர்ந்து யார் காலியாக நிற்கிறார் என்று பார்த்ததை நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

டெக்ஸஸ் டெக்கோடு ஆடிய ஃபைனல் உங்களுக்கே தெரியும். போன வருடம் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த ஹண்டர் 27 புள்ளி அடித்தார். 15 நொடிகூட மிச்சமில்லாதபோது 68-68 ஆக்கிய மூன்று புள்ளியும் அவருடையதுதான். ஓவர்டைமில் 85-77.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு அந்த டபுள் ட்ரிப்பிளைக் கட்டாயம் காட்டுங்கள், மறைக்க வேண்டாம். ஆனால் அதற்கு முன்னால் 2019-ன் முதல் சுற்று ஆட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். எதிரணி கார்ட்னர்-வெப், மறுபடியும் ஒரு 16-ஆம் தரவரிசை அணி. முதல் பாதியில் வர்ஜீனியா 14 புள்ளி பின்தங்கியது. சார்லட் திரும்ப வருகிறது என்று கோர்ட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் தோன்றியிருக்கும். இடைவேளையில் கார்ட்னர்-வெப் 36-30 என்று முன்னிலை. அப்புறம் அவர்கள் டிஃபென்ஸில் எங்கே நிற்கிறார்கள், பந்து கைமாறும்போது எத்தனை கால்கள் ஒன்றாக நகர்கின்றன என்று அவனைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டாம் பாதி முழுக்க அவர்கள் கொடுத்தது 20 புள்ளிதான்.

அன்புடன்.