மேடை பயத்துக்கு நண்பர் குடுத்த மாத்திரை, சின்ன வயசுல இருந்த வீசிங்

மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க தம்பி, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம்.

கை நடுங்குது, நெஞ்சு படபடக்குது, வாய் காயுது, பாட்டு மறந்துடுமோன்னு இருக்குன்னு ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் எழுதிட்டு, நடுவுல போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க: சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு, இப்ப இல்ல. கொஞ்சம் தள்ளி, வயலின் வாசிக்கிற நண்பர் குடுத்த ப்ரொப்ரானலால் 40 மில்லிகிராம் மாத்திரையை தெருவுல குழல் வாசிக்கப் போறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போட்டுக்கிறதா இன்னொரு வரி. இன்னும் கீழ வந்தா, இப்பல்லாம் ரெண்டாவது பாட்டுலயே மூச்சு பத்தல, நீளமான சங்கதியை முன்ன மாதிரி ஒரே மூச்சுல முடிக்க முடியல, நெஞ்சு இறுகுது, ராத்திரி வீட்டுக்கு வந்தும் வறட்டு இருமல், பயம் முத்திடுச்சா டாக்டர்னு கேக்குறீங்க. இந்த மூணு வரியையும் அடுத்தடுத்து வெச்சு ஒரு தடவை படிச்சுப் பாருங்க. கூட்டம் கலைஞ்சு, குழலை உறையில போட்டு, வீட்டுக்கு வந்து படுத்ததுக்கு அப்புறம் மேடை பயத்துக்கு அங்க என்ன வேலை? நேர்ல ஸ்டெதஸ்கோப் வெச்சுக் கேக்காம நான் முடிவா சொல்லக் கூடாது, ஆனா என் சந்தேகம் முழுக்க அந்த மாத்திரை மேலதான்.

உங்க நண்பர் பொய் சொல்லல, அந்த மாத்திரை வேலை செய்யும். வயலின் மாதிரி கருவி வாசிக்கிறவங்களுக்கு இதே வகை மருந்து ஒண்ணைக் குடுத்துப் பார்த்து, நடுக்கம் குறையுதுன்னு 1977லயே லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகையில எழுதிட்டாங்க. 1980கள்ல அமெரிக்காவுல ஆர்கெஸ்ட்ரா கலைஞர்கள்கிட்ட எடுத்த ஒரு சர்வேயில நூத்துக்கு 27 பேர் பீட்டா பிளாக்கர், அதாவது ப்ரொப்ரானலால் வகை மாத்திரை, போட்டுப் பார்த்ததா சொன்னாங்க, அதுல நிறைய பேர் டாக்டர் சீட்டு இல்லாம கைமாத்தா வாங்கிப் போட்டவங்க. ஆக இது புதுசா யாரும் கண்டுபிடிச்ச ரகசியம் இல்ல. ஆனா ப்ரொப்ரானலாலுக்கு இதயம் எது நுரையீரல் எதுன்னு பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. இதயத்தை வேகமா அடிக்க வைக்கிற அதே அட்ரினலின்தான் மூச்சுக்குழாயை விரிச்சும் வெச்சிருக்கு, மாத்திரை ரெண்டு இடத்துலயும் அதைத் தடுக்குது. வீசிங் இல்லாத உங்க நண்பருக்கு அது தெரியவே தெரியாது, வீசிங் வந்த உடம்புல குழாய் சட்டுனு சுருங்கலாம், சில பேருக்கு ஒரே மாத்திரையில ஆபத்தான அளவுக்குப் போயிருக்கு. பதினஞ்சு வருஷமா வரலைங்கிறதை வெச்சு வீசிங் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க, நிறைய பேருக்கு அது அடங்கித்தான் இருக்கும்.

இதுல இன்னொரு சிக்கல் இருக்கு, இதை நெட்ல தேடினவங்க யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. இழுப்பு வந்தா இன்ஹேலர் அடிச்சுக்கலாம்னு எழுதியிருக்கீங்க இல்லையா, அந்த இன்ஹேலர்ல இருக்கற சால்பியூட்டமால் போய் உக்காரணும்னா அதே இடத்துலதான் உக்காரணும். பூட்டுக்குள்ள உடைஞ்ச சாவி மாட்டிக்கிட்டு இருந்தா நல்ல சாவி கையில இருந்தும் திறக்க முடியாது, அந்த கதைதான். மாத்திரை போட்ட அடுத்த சில மணி நேரத்துக்கு இன்ஹேலர் உங்களுக்கு வழக்கமா கேக்குற அளவுக்குக் கேக்காம போகலாம்.

பயத்துல வர்ற மூச்சுத் திணறலுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு. பயத்துல மூச்சு வேகமா போகும், காத்து உள்ள பத்தாத மாதிரி இருக்கும், விரல் நுனியும் உதட்டைச் சுத்தியும் மரத்துப் போகும், வாசிக்கிறதை நிறுத்தி ஓரமா உக்காந்தா கொஞ்ச நேரத்துல தானா இறங்கிடும். மூச்சுக்குழாய் சுருங்கினா காத்து வெளிய விடுறதுதான் கஷ்டம், விடும்போது விசில் சத்தம் வரும், இருமல் வரும், ராத்திரியிலயும் விடிகாலையிலயும் கூடும். குழல் வாசிக்கிறவர் நீங்க, ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்க முடியும்னு உங்களுக்கே அத்துப்படி, அது குறைஞ்சிருக்குன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதை விட நல்ல மிஷின் எங்ககிட்டயும் கம்மிதான். ஒரு வாக்கியத்தை மூச்சு விடாம பேசி முடிக்க முடியல, இன்ஹேலர் அடிச்சும் குறையல, உதடு நீலமாகுதுன்னா உடனே எமர்ஜென்சிக்குப் போங்க, போனதும் முதல் வார்த்தையா ப்ரொப்ரானலால் போட்டிருக்கேன்னு சொல்லுங்க, அவங்க குடுக்குற மருந்தே அதை வெச்சு மாறும்.

வாசிக்கிற நாள்ல மட்டும் போடுறவர்ங்கறதால நீங்க சும்மா நிறுத்திக்கலாம். இதைப் படிக்கிற வேற யாராவது பிரஷருக்கோ இதயத்துக்கோ தினமும் இந்த மாத்திரை சாப்பிடுறீங்கன்னா, தயவுசெஞ்சு இந்த பதிலைப் பார்த்துட்டு திடீர்னு நிறுத்திடாதீங்க, உங்க டாக்டர்கிட்ட கேட்டுத்தான் செய்யணும். அப்புறம் தம்பி, இதயத்துல மட்டும் வேலை செய்யுற வேற பீட்டா பிளாக்கர் இருக்கேன்னு அடுத்து தேடப் போறீங்க, எனக்குத் தெரியும். வேணாம். நண்பர் சிபாரிசு பண்ற தூக்க மாத்திரை, பதட்ட மாத்திரையும் வேணாம், அதெல்லாம் விரலை மந்தமாக்கும், ஞாபகத்தைக் கலைக்கும், பழகிட்டா விடுறது கஷ்டம்.

மீதி பட்டியலை சீக்கிரம் முடிச்சிடுறேன். இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 130 போறது கூட்டத்து முன்னாடி நிக்கிற யாருக்கும் வர்றதுதான், அதைப் பார்த்துட்டே இருக்கற அந்த வாட்சைக் கழட்டி பையில போடுங்க, பாட்டுக்குப் பாட்டு குனிஞ்சு நம்பர் பார்த்தா எந்த மனுஷனுக்கும் நெஞ்சு படபடக்கும். நிஜமாவே மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்துல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்திருந்தாலோ மட்டும் ஈசிஜி எடுங்க. 24 வயசுல, வாசிக்கும்போது மட்டும் நடுங்குற கைக்கு பார்கின்சன் பேரை எந்த வெப்சைட் குடுத்துச்சோ தெரியல, அந்த நடுக்கம் பெரும்பாலும் வயசானவங்களுக்கு வரும், அதுவும் கை சும்மா இருக்கும்போதுதான் அதிகமா ஆடும். வாய் காயுறது குழல்காரருக்கு தொல்லைதான், உதடு ஒட்டாது, ரெண்டு வாய் தண்ணி குடிச்சுட்டு தொடங்குங்க. அடிக்கடி பாத்ரூம் வர்றது பயத்துல எல்லாருக்கும் வரும், சுகர் டெஸ்ட்டுக்கு ஓட வேண்டாம்.

இப்ப நீங்க நிஜமா கேக்க வந்ததுக்கு வர்றேன். மாத்திரை இல்லாம நான் வாசிக்கவே முடியாதா, இவ்வளவு பயப்படுறவன் கலைஞனே இல்லையா, இதுதானே? ரெண்டாவதுக்கு ஒரே பதில், பாப்லோ காசல்ஸ்னு செல்லோ மேதை, 96 வயசு வரை வாழ்ந்தவர், மேடை பயம் தன்னை விட்டுப் போகவே இல்லைன்னு அவரே சொல்லியிருக்கார். முதல் கேள்விதான் முக்கியம். வீட்டு அறைக்குள்ள கதவைச் சாத்திட்டு வாசிச்ச ஒருத்தர் தெருமுனையில நின்னு வாசிக்க ஆரம்பிச்சது எந்த டாக்டரும் எழுதிக் குடுக்காத நல்ல வைத்தியம், பயப்படுற இடத்துல போய் நிக்கிறதுதான் இதுக்கு உருப்படியான சிகிச்சையே. ஆனா மாத்திரையைப் போட்டுட்டுப் போய் நின்னா நல்லா வாசிச்ச பேரு மாத்திரைக்குப் போயிடுது, உங்க மூளை கத்துக்கிறது ஒண்ணே ஒண்ணு, மாத்திரை இருந்ததால பொழைச்சோம். அதனாலதான் ஆறு மாசமா வாசிச்சும் பயம் அப்படியே இருக்கு.

தெருவுலயும் நீங்க ஒளிஞ்சுதான் வாசிக்கிறீங்கன்னு லெட்டர்லயே தெரியுது. கூலிங் கிளாஸ், தொப்பி, சுவரைப் பார்த்து பாதி திரும்பின உடம்பு, யாராவது நின்னா உடனே பாட்டைச் சுருக்கிட்டு குழலைத் துடைக்கிற மாதிரி குனிஞ்சுக்கிறது. தெரு இதுக்கெல்லாம் இடம் குடுக்கும். 2007 ஜனவரியில ஜோஷுவா பெல்ங்கற பெரிய வயலின் கலைஞர் வாஷிங்டன் மெட்ரோ ஸ்டேஷன்ல யாருன்னு சொல்லாம 43 நிமிஷம் வாசிச்சார், ஆயிரம் பேருக்கு மேல கடந்து போனாங்க, கொஞ்ச நேரமாவது நின்னு கேட்டது ஏழு பேர். தெருவுல யாரும் உங்களை மதிப்பெண் போட நிக்கல, ஆரம்பிக்கிறவங்களுக்கு அது ரொம்ப நல்லது. ஆனா மேடைக்கு முன்னாடி இருக்கறவங்க கடந்து போக மாட்டாங்க, உக்காந்து உங்களையே பார்ப்பாங்க, அதுக்கு தெருவுலயே பழகணும்.

மூச்சு சரியானதும், மாத்திரை இல்லாம, உங்களுக்கு ரொம்ப சுலபமான பாட்டோட தொடங்குங்க. முதல்ல கண்ணாடியை மட்டும் கழட்டுங்க, தொப்பி இருக்கட்டும். படபடப்பு உச்சத்துல இருக்கும்போது மட்டும் கிளம்பிடாதீங்க, அப்ப கிளம்பினா பயம் ஜெயிச்ச கணக்கு, தப்பா வாசிச்சாலும் பரவால்ல அது இறங்குற வரைக்கும் நில்லுங்க, கை நடுங்கிட்டே வாசிங்க. அதுக்கப்புறம் கூட்டம் நிக்கிற இடம், அப்புறம் பாட்டு முடிஞ்சதும் நிமிர்ந்து யாரையாவது பார்க்கிறது, அடுத்த பாட்டு என்னன்னு வாயைத் திறந்து சொல்றது. பாட்டுக்கு நடுவுல வர்ற அந்த அமைதிதான் பயங்கரம்னு எழுதியிருந்தீங்க, உங்க பிரச்சனை அந்த பத்து செகண்டுலதான் இருக்கு, வாசிக்கிறதுல இல்ல. குழலைத் துடைக்காம அந்த பத்து செகண்ட் சும்மா நில்லுங்க. இதுக்கு மேலயும் முடியல, தெருவுக்கே போக முடியாம போகுதுன்னா ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட போங்க, கூடவே வந்து படிப்படியா பழக்குற முறை அவங்ககிட்ட இருக்கு.

அதுக்கு முன்னாடி இந்த வாரமே ஒரு நுரையீரல் டாக்டரைப் பாருங்க. மாத்திரை அட்டையைக் கையோட கொண்டு போங்க, வெட்கப்பட்டு மறைக்காதீங்க, ஸ்பைரோமெட்ரி, அதாவது மூச்சை ஊதி அளக்குற டெஸ்ட், எடுக்கணுமான்னு கேளுங்க, குழல் வாசிக்கிறேன்னும் சொல்லுங்க. நண்பர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அடுத்து அவர் அந்த அட்டையை யாருக்கு நீட்டப் போறாரோ, அவருக்கும் வீசிங் இருக்கலாம்.