கபடிக் களமும் தோல் தொற்றும்: கேள்வி பதில்

தை பிறந்துவிட்டால் டெல்டாவில் எங்கு பார்த்தாலும் மின்னொளி கபடிதான். மாசி பிறந்ததும் என் கிளினிக் வாசலில் அரிப்போடு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதால்தான் இந்தக் கேள்வி பதிலுக்கு ஒத்துக்கொண்டேன். தஞ்சைப் பக்கத்தில் தோல் மருத்துவம் பார்க்கிறேன். கல்லூரி அணியில் கார்னரில் நின்று ஆடியவன். மல்யுத்தம், ஜூடோ ஆடுகிறவர்களும் கேளுங்கள். உடம்போடு உடம்பு உரசும் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் இதே தொல்லைதான்.

மன்னார்குடி, கபடி வீரர்: தொடையிடுக்கில் வட்டமாகச் சிவந்து அரிக்கிறது. மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்தார்கள். போட்டால் மூன்று நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் முன்பைவிட அதிகமாக வருகிறது. 8 மாதமாக இதே கதை.

தம்பி, உங்களுக்கு வந்திருப்பது படர்தாமரை. பூஞ்சைத் தொற்று. ஆனால் 8 மாதம் உங்களை அலைய வைத்தது பூஞ்சை மட்டும் இல்லை, அந்த டியூபும்தான். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் மாதிரி ஏதாவது பெயர் இருக்கும். அது ஸ்டீராய்டு. கூடவே பூஞ்சை மருந்து ஒன்று, பாக்டீரியா மருந்து ஒன்று என்று கலந்து ஒரே டியூபில் அடைத்திருப்பார்கள். சிவப்பும் அரிப்பும் உங்கள் உடம்பு பூஞ்சையோடு போராடுவதால் வருபவை. ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை நிறுத்திவிடுகிறது. உங்களுக்கு நிம்மதி, பூஞ்சைக்கும் நிம்மதி. வட்டத்தின் ஓரம் மங்கி, பார்த்தால் படர்தாமரை என்றே தெரியாத அளவுக்கு அது உருமாறிப் படரும். தொடையிடுக்கில் விடாமல் போட்டால் தோல் மெலிந்து வரிவரியாக விழும். அந்த வரிகள் முழுதாக மறைவதில்லை. 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. இருந்தும் கேட்டவர் கைக்குக் கிடைக்கிறது. இது எனக்குத் தீராத ஆற்றாமை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்போது பரவும் படர்தாமரை நம் அப்பா காலத்துப் படர்தாமரை இல்லை. 2020-ல் டிரைக்கோபைட்டன் இண்டோட்டினியே என்று தனிப் பெயர் பெற்ற ஒரு பூஞ்சை நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. முன்பு சுலபமாகக் கேட்ட டெர்பினபின் என்ற பூஞ்சை மருந்துக்கு இது பல பேரிடம் கேட்பதில்லை. அதனால் 'அண்ணனுக்குக் கொடுத்த மாத்திரை' உங்களுக்கு வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். கலவைக் க்ரீமை ஓரமாக வையுங்கள். டாக்டரைப் பார்த்து ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்து வாங்குங்கள். வட்டத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம் தள்ளி ஆரம்பித்து உள்நோக்கித் தடவ வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் விடக் கூடாது. மாத்திரை தேவையா, எத்தனை வாரம் என்பதைப் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்ய முடியும். கல்லீரலையும் நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் கவனித்துக் கொடுக்க வேண்டிய மாத்திரைகள் அவை.

அரைஞாண் கயிறு கட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். வியர்வையில் நனைந்து காயாமல் கிடக்கும் கயிற்றில் பூஞ்சை தங்கும். பாட்டி கோபித்துக்கொண்டால், குணமான பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்வதாகச் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவர்களையும் சேர்த்து அழைத்துப் போங்கள். ஒருவர் மட்டும் மருந்து போட்டால் பூஞ்சை வீட்டுக்குள்ளேயே சுற்றும்.

திருவாரூர்: குளத்தில் குளிப்பதால் படர்தாமரை வருமா?

குளத்துத் தண்ணீரைவிட, கரையில் நாலு பேர் மாற்றி மாற்றித் துவட்டும் ஒரே துண்டுக்குப் பயப்படுங்கள்.

பாபநாசம், அணித் தலைவர்: எங்கள் அணிக்கு ஒரே செட் ஜெர்சிதான். ஆடிய பையன் கழற்றிக் கொடுக்க, மாற்று ஆட்டக்காரன் போட்டுக்கொள்வான். இதனால் பரவுமா?

பரவும் ஐயா. அடுத்தவன் வியர்வையில் ஊறிய ஜெர்சியை, தரையில் உரசிச் சிராய்த்த தோல்மேல் போடுகிறான். ஆளுக்கு ஒன்று வாங்க ஸ்பான்சர் பிடியுங்கள். அதுவரை மாற்று ஆட்டக்காரன் சொந்த பனியனில் இறங்கட்டும், எண்ணைத் துணியில் எழுதி ஊக்கு குத்திக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்ததும் ஈர ஜெர்சியைப் பையில் சுருட்டி வைக்காதீர்கள். சூடான தண்ணீரில் சோப்புப் போட்டு அலசி, உள்பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, நல்ல வெயிலில் காயப்போடுங்கள். முட்டிக்கு மாட்டும் நீ-கேப்பை நிறைய பேர் மறந்துவிடுகிறார்கள். மாதக் கணக்கில் துவைக்காத நீ-கேப்புகளைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அதையும் துவைக்க வேண்டும்.

திருத்துறைப்பூண்டி, ஒரு அம்மா: டாக்டர், மகள் பள்ளி அணியில் ஆடுகிறாள். வாயைச் சுற்றித் தேன் காய்ந்தது மாதிரி மஞ்சளாகப் பொருக்கு. தம்பிக்கும் வந்துவிட்டது.

அம்மா, அது பாக்டீரியாவால் வரும் சிரங்கு. 'தேன் காய்ந்தது மாதிரி' என்று சரியாகச் சொன்னீர்கள், பாடப்புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கும். குழந்தைகளிடம் வேகமாகத் தொற்றும். இளஞ்சூடான தண்ணீரில் ஊறவைத்துப் பொருக்கை மெதுவாக எடுத்து, டாக்டர் தரும் ஆன்டிபயாடிக் களிம்பைப் போடுங்கள். நிறைய இடத்தில் இருந்தால் வாய்வழி மருந்தும் தேவைப்படும். இரண்டு பேருக்கும் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். துண்டு, தலையணை உறை தனித்தனியாக இருக்கட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். சிரங்கு ஆறிய சில வாரங்களில் காலையில் முகம் வீங்கினாலோ, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த சிரங்குக்குப் பின் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும்.

கும்பகோணம், பயிற்சியாளர்: எங்கள் ரெய்டருக்குக் கன்னத்தில் கொத்தாகக் கொப்புளம், லேசான காய்ச்சல், எரிச்சல். அக்கி என்று சொல்லி அக்கி எழுதக் கூட்டிப் போனார்கள். 10 நாளில் ஆறிவிட்டது. இப்போது அதே இடத்தில் மறுபடியும். போன போட்டியில் அவனைப் பிடித்த இரண்டு பேருக்கும் வந்திருக்கிறது.

மூன்று பேரையும் இன்றைக்கே ஆட்டத்திலிருந்து நிறுத்துங்கள். ஊரில் அக்கி என்ற ஒரே பெயரில் இரண்டு வைரஸ் நோய்களைச் சொல்கிறோம். ஒன்று, எப்போதோ வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்புக்குள் தங்கியிருந்து, உடம்பின் ஒரு பக்கமாகப் பட்டை போட்டுக் கிளம்புவது. இன்னொன்று ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ். உங்கள் பையனுக்கு இரண்டாவது என்றுதான் நினைக்கிறேன். அதே இடத்தில் திரும்ப வந்ததும், பிடித்தவர்களுக்குத் தொற்றியதும் அதைத்தான் காட்டுகின்றன. மல்யுத்த உலகம் இதை நன்றாக அறியும். 1989-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் பள்ளி மல்யுத்த வீரர்களின் பயிற்சி முகாம் ஒன்றில் 175 பேரில் 60 பேருக்கு இது வந்தது. கன்னத்தோடு கன்னம் வைத்து அழுத்தும் ஆட்டம் அது. நம் கபடியில் ரெய்டரைக் கவிழ்த்து நாலு பேர் மேலே விழும்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

அசைக்ளோவிர் வகை மாத்திரையைக் கொப்புளம் கிளம்பிய முதல் இரண்டு மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். வைரஸ் நரம்பை விட்டுப் போகாது. உடம்பு களைத்தால், வெயிலில் வாடினால் மறுபடி வரலாம். கண்ணுக்குப் பக்கத்தில் கொப்புளமோ, கண் சிவப்போ இருந்தால் தோல் டாக்டருக்குக் காத்திருக்காமல் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும். கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை மங்கிய ஒரு 19 வயதுப் பையனைப் பார்த்திருக்கிறேன். நல்ல ரெய்டர். கண்ணில் ஸ்டீராய்டு சொட்டு விட்டிருந்தார்கள்.

ஒரத்தநாடு: டாக்டர், என் தாத்தா மண்பாண்டம் செய்தவர். காவி குழைத்து அக்கி எழுதுவார். சிங்கம் வரைவார். எத்தனையோ பேர் குணமாகிப் போனார்கள். உங்கள் படிப்பு வருவதற்கு முன்பு ஊரைக் காப்பாற்றியது அவர்கள்தான். இதைக் கேவலமாகப் பேச வேண்டாம்.

தம்பி, நான் கேவலமாக ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்கே சிறுவயதில் இடுப்பில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் காவியின் குளிர்ச்சி இன்னும் ஞாபகம் இருக்கிறது. எரியும் தோலுக்கு அது இதம். ஆனால் உங்களிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. இந்தக் கொப்புளங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் தாமாகவே காய்ந்துவிடும். தாத்தாவிடம் வந்தவர்கள் குணமானது உண்மை. காவி வைரஸைக் கொன்றதா என்றால், இல்லை.

தாத்தா செய்த நல்லது வேறு ஒன்று. அக்கி எழுதிய ஆளைப் பார்த்தால் ஊரே விலகிப் போகும். அவனும் வெளியே அலையாமல் ஒதுங்கி இருப்பான். யாரும் அவனோடு கட்டிப் புரள மாட்டார்கள். தொற்றைத் தடுக்க இதைவிட வேறென்ன வேண்டும்? இன்று நடப்பது என்ன? எழுதிவிட்டு, காய்ந்ததும் துடைத்துவிட்டு, அன்று ராத்திரியே களத்தில் இறங்குகிறான். பழைய வழக்கத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

நாகப்பட்டினம், செவிலியர்: சார், ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே இறகால் அடுத்தடுத்த ஆளுக்கு எழுதுவதைப் பார்த்திருக்கிறேன்.

சரியான இடத்தைத் தொட்டீர்கள், சிஸ்டர். உடைந்த கொப்புளத்தில் பட்ட இறகோ குச்சியோ அடுத்தவர் தோலில் படக் கூடாது.

ஒரத்தநாடு, அதே நபர்: அப்படியென்றால் எழுதவே கூடாது என்கிறீர்களா?

மாத்திரையை முதலில் ஆரம்பியுங்கள். அதற்கப்புறம் மனத்திருப்திக்கு எழுதுவதானால், கொப்புளம் உடையாமல் இருக்க வேண்டும், ஆளுக்குப் புது இறகு வேண்டும், கண் பக்கம் போகவே கூடாது. எழுதிய பிறகு தாத்தா காலத்து மாதிரியே வீட்டில் இருக்க வேண்டும். இதற்குச் சம்மதம் என்றால் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.

பட்டுக்கோட்டை: படர்தாமரைக்கு நல்ல க்ரீம் ஒன்று சொல்லுங்கள்.

மன்னார்குடித் தம்பிக்கு எழுதியதைப் படியுங்கள்.

மயிலாடுதுறை: தொடையில் அரிப்பு. மூன்று மருந்து கலந்த க்ரீம் போடலாமா?

கூடாது. மேலே விரிவாக எழுதியிருக்கிறேன்.

திருவையாறு: வண்டுகொல்லி இலையை அரைத்துப் போட்டால் படர்தாமரை போகும் என்கிறார்களே?

சீமை அகத்தி என்றும் சொல்வோம், அதன் இலையில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள் உண்மையிலேயே உண்டு. புதிதாக வந்த ஒரு சின்ன வட்டம் அதில் அடங்கலாம். ஆனால் உடம்பெல்லாம் பரவியதற்கும், ஸ்டீராய்டு போட்டுக் கெடுத்ததற்கும் அது போதாது. தொடையிடுக்கில் போட்டுப் புண்ணாகி வந்தவர்களும் உண்டு.

வலங்கைமான்: முதுகில் தேமல். அணியில் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள்.

தேமல் ஆட்டத்தில் ஒட்டாது, தாராளமாக ஆடலாம். வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் மட்டும் உடனே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், தொழுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும்.

குடவாசல்: முடி கொட்டுகிறது, என்ன எண்ணெய் தேய்க்கலாம்?

அதை இன்னொரு நாள் பேசுவோம்.

நீடாமங்கலம்: மண்ணுக்குப் பதில் மேட் விரிப்பு வந்த பிறகுதான் இந்த நோயெல்லாம். மண்ணில் ஆடியபோது ஒன்றும் இல்லை. சரிதானே?

பாதி சரி. வியர்வை மேட்டின் மேலேயே தேங்கும், மண் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் மண்ணில்தான் சிராய்ப்பு அதிகம், சிராய்ப்பில் சீழ்க்கட்டி வரும், டெட்டனஸ் ஊசியும் கட்டாயம். இரண்டையும்விடப் பெரிய வழி, ஆளிடமிருந்து ஆளுக்கு நேராகத் தொற்றுவது. எதிலே ஆடினாலும் அது உண்டு.

தஞ்சாவூர், அகாடமி: மேட்டை எதனால் துடைக்க வேண்டும்?

முதலில் சோப்புத் தண்ணீரால் அழுக்கை எடுங்கள். அழுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது. அப்புறம் 10 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது ஒரு பெரிய ஸ்பூன். தெளிய விட்டு, மேலே நிற்கும் தண்ணீரால் துடைத்து, 10 நிமிடம் ஈரம் நிற்க விட்டு, பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். ஆண்கள் மேட் 13-க்கு 10 மீட்டர், ஒரு வாளி போதாது. கரைசலைத் தினமும் புதிதாகக் கலக்குங்கள். இணைப்புகளின் இடுக்கை விடாதீர்கள். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும்.

சீர்காழி: படர்தாமரைக்கு என்ன க்ரீம்...

ஐயா, மேலே இருக்கிறது. தயவுசெய்து படியுங்கள்.

பேராவூரணி, போட்டி அமைப்பாளர்: 65 கிலோ பிரிவு நடத்துகிறோம். யாரை ஆட விடுவது, யாரை நிறுத்துவது? நிறுத்தினால் சண்டைக்கு வருகிறார்கள்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். எப்படியும் எடை போடச் சட்டையைக் கழற்றித்தானே நிற்கிறார்கள்? உலக மல்யுத்தப் போட்டிகளில் எடை போடும்போதே டாக்டர் தோலையும் நகத்தையும் பார்த்துவிடுவார். நம் ஊரிலும் அதே இடத்தில் அதைச் செய்ய முடியும். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் அளவு எளிது: படர்தாமரை என்றால் மருந்து போட்டுக் குறைந்தது 72 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்; சிரங்கு, சீழ்க்கட்டி என்றால் 72 மணி நேரம் ஆன்டிபயாடிக் எடுத்திருக்க வேண்டும், 48 மணி நேரமாகப் புதுப் புண் வந்திருக்கக் கூடாது, நீர் கசியக் கூடாது; ஹெர்ப்பிஸ் என்றால் 120 மணி நேரம் மாத்திரை எடுத்திருக்க வேண்டும், 72 மணி நேரமாகப் புதுக் கொப்புளம் இல்லாமல் எல்லாம் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். கசியும் புண்ணைப் பிளாஸ்திரி ஒட்டி மறைத்து ஆட விடாதீர்கள். வியர்வையில் முதல் ரெய்டிலேயே அது கழன்றுவிடும்.

சண்டை வருவது பையன் கூட்டத்தின் நடுவே அவமானப்படுவதால். நோட்டீஸிலேயே 'எடை போடும்போது தோல் பரிசோதனை உண்டு, தொற்று இருப்பவருக்குப் பதில் மாற்று வீரரைச் சேர்க்கலாம், நுழைவுக் கட்டணம் வீணாகாது' என்று அச்சடியுங்கள். பணம் போகாது, அணி உடையாது என்று தெரிந்தால் பையன்கள் மறைக்க மாட்டார்கள். மறைப்பதால்தான் ஒருவனிடம் இருப்பது இருபது பேருக்குப் போகிறது. எடை மிஷின் பக்கத்தில் கூடுதலாக ஒரு டியூப்லைட் போடுங்கள். தொடையிடுக்கைப் பார்க்க ஓரமாக ஒரு வேட்டியைக் கட்டி மறைப்பு வையுங்கள். தேதியைச் சொல்லுங்கள், முதல் தடவை நானே வந்து பார்த்துக் கொடுக்கிறேன்.