ஜாஸ் கேட்கத் தொடங்குபவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: இதுவரை ஜாஸ் பக்கமே வந்ததில்லை. எந்த ஆல்பத்தில் ஆரம்பிக்கலாம்?

1956இல் வந்த 'எல்லா அண்ட் லூயி'. பாட்டு கேட்டே பழகிய காதுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரல் வழுவழு, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் குரல் கரகர. 'சீக் டு சீக்' பாட்டை இருவரும் பாடுகிறார்கள். யார் மெட்டை எங்கே தாமதிக்கிறார், எங்கே முந்திக்கொள்கிறார் என்று கவனியுங்கள். அந்த நெளிவுதான் ஜாஸ். அது பிடிபட்டால் குரல் இல்லாத பதிவுகளும் பேச ஆரம்பிக்கும்.

கேள்வி: எல்லோரும் சொல்கிறார்களே என்று மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' போட்டேன் சார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பாட்டுக்குப் பின்னணி மாதிரி ஓடிவிடுகிறது. எதைக் கவனிக்காமல் விடுகிறேன்?

டபுள் பேஸை, அதாவது தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தை. முதல் பாட்டான 'ஸோ வாட்'டில் மெட்டை வாசிப்பதே பால் சேம்பர்ஸின் பேஸ்தான். மற்றவர்கள் அதற்கு இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்கிறார்கள். அதன் அமைப்பும் ரொம்ப எளிது: 16 பார் (பார் என்றால் நான்கு தட்டு கொண்ட ஒரு தாளச் சுற்று) ஒரே ஸ்கேல், அதாவது ஒரே ஸ்வர வரிசை, அடுத்த 8 பார் அரை ஸ்வரம் மேலே, மறுபடி 8 பார் பழைய இடத்தில். இந்த 32 பார்தான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. விரல் விட்டு எண்ணுங்கள். மேலே ஏறும் இடத்தைப் பேஸ் உங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்புறம் பாருங்கள், அதே 32 பாரில் டிரம்பெட் வாசிக்கும் மைல்ஸ் டேவிஸ் எவ்வளவு இடத்தைக் காலியாக விடுகிறார் என்று. அடுத்து சாக்ஸபோனில் வரும் ஜான் கோல்ட்ரேன் அந்த இடத்தையெல்லாம் அடைத்து நிரப்புகிறார். இன்னொரு சாக்ஸபோன் கேனன்பால் ஆடர்லி, அவரிடம் ப்ளூஸ் குதூகலம். நான்காவதாக பில் எவன்ஸின் பியானோ, சன்னமாக. ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் எப்படி எடுக்கிறார் என்பதைக் கேட்க ஆரம்பித்தால் அது பின்னணியாக இருக்கவே முடியாது. ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்காதீர்கள், இந்த ஒன்பது நிமிடத்தையே ஒரு வாரம் கேளுங்கள்.

கேள்வி: அதே ஆல்பத்தோடு சேர்ந்து கீபோர்டு வாசித்துப் பார்த்தேன். ஸ்ருதி சற்று ஏறியிருக்கிறது. என் கீபோர்டில் கோளாறா?

இல்லை, நீங்கள் வைத்திருப்பது பழைய பதிப்பாக இருக்கும். 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் பதிவு செய்தபோது முதன்மை டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியது. அதனால் சரியான வேகத்தில் ஒலிக்கவிட்டபோது அன்று பதிவான மூன்று பாட்டுகளும் ஸ்ருதி ஏறிக் கேட்டன. 1990களின் மறுபதிப்புகளில் திருத்திவிட்டார்கள்.

கேள்வி: 'டேக் ஃபைவ்' கண்ட சாபுவா?

எண்ணிக்கை ஐந்துதான், ஆனால் கர்நாடக சங்கீதத்தின் கண்ட சாபு தாளம் 2+3 என்று நடக்கும், இது 3+2. எழுதியவர் டேவ் ப்ரூபெக் அல்ல, அவர் குழுவில் சாக்ஸபோன் வாசித்த பால் டெஸ்மண்ட். இது வரும் 'டைம் அவுட்' ஆல்பத்திலேயே 'ப்ளூ ரோண்டோ'வையும் கேளுங்கள். துருக்கித் தெருவில் வாசித்தவர்களிடம் ப்ரூபெக் கேட்ட 2+2+2+3 என்ற ஒன்பது அது.

கேள்வி: கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவள் நான். ஆலாபனை மாதிரி மனதை இழுத்துப் பிடிக்கும் ஜாஸ் உண்டா?

உங்களுக்கு இரண்டு. முதலாவது கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்', 1964 டிசம்பரில் பதிவானது. ஜிம்மி கேரிசன் பேஸில் நான்கு ஸ்வரத்தை வாசிக்க, கோல்ட்ரேன் அதைப் பன்னிரண்டு ஸ்ருதிகளுக்கும் கொண்டுபோய்த் திரும்புகிறார். கடைசிப் பகுதியில் தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையைச் சொல் சொல்லாகச் சாக்ஸபோனில் வாசிக்கிறார். கவிதை ஆல்பத்தின் அட்டையிலேயே இருக்கிறது. கையில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், உடம்பு சிலிர்க்கும்.

இரண்டாவது அவர் மனைவி ஆலிஸ் கோல்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா' (1971). அந்தச் சச்சிதானந்தர் கோயம்புத்தூர் பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்தவர், ஆலிஸின் குரு. தம்புரா சுருதி, செசில் மெக்பீயின் பேஸ், அதன்மேல் யாழ் மாதிரியான ஆலிஸின் ஹார்ப். கணவர் இறந்த துயரத்திலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்த ஒருவரின் இசை இது. எனக்கு இது 'எ லவ் சுப்ரீ'மைவிட நெருக்கமானது.

கேள்வி: நேரடி நிகழ்ச்சிப் பதிவுகளில் உங்களுக்குப் பிடித்தது?

பில் எவன்ஸ் மூவர் குழு, நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் ஜாஸ் கிளப், 1961 ஜூன் 25. 'வால்ட்ஸ் ஃபார் டெபி' என்ற பெயரில் கிடைக்கும். கண்ணாடிக் கோப்பை உரசுவதும் பேச்சுச் சத்தமும் கேட்கும், அது கிடக்கட்டும். ஸ்காட் லஃபாரோவின் பேஸ் அங்கே துணை வாத்தியம் இல்லை, பியானோவோடு சரிக்குச் சரி உரையாடுகிறது. 'மை ஃபூலிஷ் ஹார்ட்' முதலில் வரும். அதில் அவர் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வைக்கும் இடத்தைக் கேளுங்கள். அந்த நிகழ்ச்சிக்குப் பதினோரு நாள் கழித்து லஃபாரோ கார் விபத்தில் இறந்துவிட்டார். வயது 25.

கேள்வி: ஃபோன் ஸ்பீக்கரிலேயே கேட்டால் போதாதா?

போதாது. இவ்வளவு நேரம் சொன்ன பேஸ் அதில் கேட்கவே கேட்காது. விலை குறைந்த ஹெட்ஃபோன் இருந்தாலும் சரி, அதைப் போட்டுக்கொண்டு கேளுங்கள்.